வைத்தியர் எழும்பும் நேரம்

செய்தி வந்தபோது நான் வங்கியில் இருந்தேன். ஓய்வூதியக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை நேரில் போய், உயிரோடுதான் இருக்கிறேன் என்று காட்டிவிட்டு வர வேண்டும் அல்லவா, அதற்காக. கவுண்டரில் இருந்த பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “சிஸ்டம் ஸ்லோவா இருக்கு சார், கொஞ்சம் உக்காருங்க” என்றாள். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. எவ்வளவு நேரம்தான் உட்காருவது என்று சண்டை பிடிக்க வாயைத் திறந்தேன், சட்டைப்பையில் போன் அடித்தது. ஜெசிந்தா மிஸ்ஸின் தம்பி மகள் ஷீலா. “மாமா, அத்தை காலைல போயிட்டாங்க” என்றாள்.

அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். “ஸாரி சார், இப்ப வந்துரும் சார்” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சிஸ்டம் தாமதமாவதற்காக ஒரு கிழவன் அழுகிறான் என்று நினைத்திருப்பாள். பாவம், அவளிடம் என்னவென்று விளக்குவது?

துறைமுகத்தில் மிஸ்ஸோடு வேலை பார்த்தவர்களில் மிச்சம் இருக்கிற நமக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்வதாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகளுக்கு இது தெரியாது. அவர் யார் என்று அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை.

எழுபதுகளின் கடைசி அது. புதுத் துறைமுகம் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. நாங்கள் இருந்தது ஒரு சரக்குக் கம்பெனி. உப்பும் வெங்காயமும் கருவாடும் எங்கள் குடோன் வழியாகத்தான் கப்பலுக்கும் தோணிக்கும் போகும். எந்தப் புண்ணியவான் யோசனையோ, அந்தக் காலத்திலேயே கம்பெனி ஒரு கணிப்பொறி வாங்கிப் போட்டிருந்தது. நாங்கள் அதை மிஷின் என்போம். அதற்கென்று தனியாக ஓர் ஏ.சி. அறை, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கேட்டிலும் குடோனிலும், கப்பல் அணைகிற ஜெட்டியின் ஆபீஸிலும் அதோடு சேர்ந்த டெர்மினல்கள், அதாவது திரையும் விசைப்பலகையும், இருந்தன. நான் அந்த மிஷினின் ஆபரேட்டர். வீட்டில் கருப்பட்டிக் கடை இருந்ததால் சின்ன வயசிலேயே எல்லாருக்கும் அண்ணாச்சி ஆகிவிட்டேன். தங்கபாண்டி என்ற என் சொந்தப் பேர் அங்கே மிஷினுக்கு மட்டும்தான் தெரியும். காலையில் அந்தப் பேரை அடித்தால்தான் அது என்னை உள்ளே விடும்.

ஜெசிந்தா மிஸ் அந்த மிஷினுக்குப் புரோகிராம் எழுதுபவர். கணிதத்தில் எம்.எஸ்ஸி. முடித்து, மெட்ராஸில் பயிற்சி எடுத்துவிட்டு எங்களிடம் வந்தார். எனக்கும் அவருக்கும் ஏறத்தாழ ஒரே வயசு. அவருடைய அப்பா சங்கு குளிக்கிறவர். கடலுக்கு அடியில் காதுச் சவ்வு கிழிந்து, கேட்பது வெகுவாகக் குறைந்துபோன பிறகு அவர் கடலில் இறங்கவில்லை. அதற்குப் பின் அந்த வீட்டுக்கு வந்த ஒரே சம்பளம் மிஸ்ஸினுடையதுதான்.

அவர் வந்த புதிதில் ஒருநாள் மிஷின் பதில் சொல்லாமல் நின்றுவிட்டது. நான் வழக்கம்போல நாலு வார்த்தை திட்டி, அதன் பக்கவாட்டில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். மிஸ் எழுந்து வந்து, நான் தட்டின இடத்தில் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். “ஏன் அண்ணாச்சி அடிக்கிய?” என்றார். “சும்மா கெடக்கு மிஸ்” என்றேன். “சும்மா கெடக்குன்னு யாரு சொன்னா? உள்ள ஓடுது பாருங்க, கைக்குத் தெரியுது. நம்மகிட்ட சொல்லாம வேலை பாக்குது, அவ்வளவுதான்.” எனக்குச் சிரிப்பாக வந்தது. படித்த பெண், மிஷினுக்குப் பரிந்து பேசுகிறதே என்று வெளியே போய்ச் சொல்லிச் சிரித்தேன்.

அந்த வருஷம் மாதா கோயில் திருவிழாவுக்கு மிஸ் என்னை வீட்டுக்கு அழைத்திருந்தார். அவருடைய அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டு, “அண்ணாச்சிக்கு எந்த ஊரு?” என்று கேட்டார். “உடன்குடி” என்றேன். பதில் இல்லை. கேட்கவில்லை போலிருக்கிறது என்று குரலை உயர்த்தப் போனேன். மிஸ் சட்டென்று கையைக் காட்டி என்னை நிறுத்தினார். உதட்டில் விரல் வைக்கவில்லை, உள்ளங்கையை மட்டும் லேசாக உயர்த்தினார். ரொம்ப நேரம் கழித்து அப்பா, “உடன்குடி கருப்பட்டி போட்ட காப்பியக் குடிச்சிட்டுக் கடல்ல எறங்கினா, உள்ள போயும் நாக்குல அந்த ருசி இருக்கும்” என்றார். ஊர்ப் பேரைக் கேட்டு, அதை உதட்டிலிருந்து பிரித்தெடுத்து, அந்த ஊரோடு தனக்கு என்ன சம்பந்தம் என்று தேடிப் பிடித்து வர அவருக்கு அவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது. நான் கத்தியிருந்தால் எல்லாம் கலைந்து போயிருக்கும். மிஸ் அந்த நேரம் முழுவதும் அப்பாவின் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவசரமே இல்லை அவருக்கு.

இனி வெங்காயக் கப்பல் விஷயத்துக்கு வருகிறேன்.

கப்பல் நிற்கிற நாளில் பொழுது ஏற ஏற மிஷின் படுத்துவிடும். கேட்டில் லாரி வந்ததும் வண்டி நம்பர், சரக்கு, எந்தக் கப்பல் என்று டெர்மினலில் அடிக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே போகிற பாஸ் அச்சாகி வரும். ஒரு லாரிக்கு அந்த பாஸ் புரோகிராம் திறப்பதற்குள் டிரைவர் இறங்கி டீ குடித்து, பீடியும் பிடித்துவிட்டு வந்துவிடுவான். வரிசை உப்பளம் வரைக்கும் நீளும். கொழும்புக்குப் போகிற வெங்காயம் என்றால் கேட்கவே வேண்டாம். நம்மூர் வெயிலில் தார்ப்பாய்க்குக் கீழே அது வெந்துபோய், அந்த நாற்றம் ஏ.சி. அறைக்குள்ளேயே வந்துவிடும்.

மிஷின் ஏன் மெதுவாகிறது என்று கண்டுபிடிக்க அதை விற்றவர்களே ஒரு புரோகிராம் கொடுத்திருந்தார்கள். அதை ஓட்டினால் எந்த வேலை மிஷினின் நேரத்தை எவ்வளவு விழுங்குகிறது என்று அளந்து தாளில் அச்சடித்துக் கொடுக்கும். நாங்கள் அதற்கு வைத்தியர் என்று பேர் வைத்திருந்தோம். அவரிடம் ஒரே ஒரு குறை. மிஷின் ஓய்வாக இருக்கும்போது கூப்பிட்டால் உடனே எழும்பி வருவார். மிஷினுக்கு முடியாமல் போகும்போது கூப்பிட்டால் எழும்பவே மாட்டார். கட்டளையை அடித்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்போம். அவர் எழும்பி வந்து நாடி பிடிப்பதற்குள் லாரிகள் எப்படியோ உள்ளே போய், கூட்டம் கலைந்து, மிஷினும் தெளிந்துவிடும். எல்லாம் சுகம் என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விடுவார். நான் அவரைத் திட்டாத திட்டு இல்லை.

கடைசியில் தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வந்து பார்த்தார். அடுத்த வெங்காயக் கப்பலுக்குள் இது சரியாக வேண்டும், இல்லையென்றால் மிஷினை மெட்ராஸுக்குக் கொண்டுபோய்விடுவோம், கேட்டில் பழையபடி கையால் எழுதிக்கொள்ளட்டும் என்று எங்கள் மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் போனார். மிஷின் போனால் என்னைக் குடோனில் போட்டுவிடுவார்கள். மிஸ்ஸை எங்கே போடுவார்கள்? மிஷின் இல்லாத இடத்தில் புரோகிராம் எழுதுகிறவருக்கு என்ன வேலை? அன்று அவர் மதியச் சாப்பாட்டைத் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மறுநாள் காலை அவர் என்னிடம் ஒரு காரியம் சொன்னார். கப்பல் நிற்கிற நாளில் விடிந்ததிலிருந்து வைத்தியரைக் கூப்பிட வேண்டும். அவர் எழும்பியதும் அனுப்பிவிட வேண்டும். நாடி பிடிக்க விடவே கூடாது. கொஞ்சம் கழித்து மறுபடி கூப்பிட வேண்டும். நாள் பூராவும் இதே வேலை. எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

“மிஸ், அளக்க வந்த ஆளை அளக்க விடாமத் திருப்பி அனுப்பவா? அவரு எழும்பி வாரதுக்குள்ளயே நமக்கு உசுரு போகுது.”

“அதாம்லா அண்ணாச்சி எனக்கு வேணும். எழும்ப எவ்வளவு நேரம் எடுக்காருன்னு மட்டும் பாப்போம்.”

“அதப் பாத்து என்ன செய்ய?”

“கேட்ட கேள்விக்கு லேட்டா பதில் வந்தா, அந்த லேட்டையும் பதில்ல சேத்துக்கிடணும்” என்றார்.

அடுத்து ஒரு கப்பல் வந்து நின்ற அன்றே ஆரம்பித்தோம். அறையில் ஒரு கரும்பலகை இருந்தது. ஒவ்வொரு தடவையும் வைத்தியர் எழும்ப எடுத்த நேரத்தை அவர் அதில் ஒரு சாக்பீஸ் கோடாகப் போட்டார். சீக்கிரம் எழும்பினால் சின்னக் கோடு, தாமதமானால் நீளக் கோடு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் உயரப்படி நிற்பதுபோலக் கோடுகள் வரிசையாக நின்றன. அதில் அதிசயம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. பொழுது ஏற ஏறக் கூட்டம் கூடுகிறது, கூட்டம் கூடினால் மிஷின் மெதுவாகிறது, இது தெரிந்த விஷயம்தானே?

மிஸ் பலகையின் இடதுபக்கத்துக்குப் போய், ஆரம்பத்தில் இருந்த கோடுகளின் மேல் விரலை வைத்தார். “இதப் பாருங்க. இங்கனயே நீளமாயிட்டு. இந்த நேரத்துக்குக் கேட்ல ஒரு லாரிகூட வரல.”

உண்மைதான். கூட்டம் வருவதற்கு முன்பே வைத்தியர் படுக்க ஆரம்பித்துவிட்டார்.

அப்போதுதான் மிஸ் எனக்கு வைத்தியரின் வழக்கத்தைச் சொன்னார். “எழும்பினதும் அவரு நேரா நாடி பிடிக்க மாட்டாரு. மொதல்ல வீட்ல, அதாவது மிஷினுக்குள்ள, யார் யாரு இருக்காங்கன்னு பாத்து, ஒவ்வொருத்தர்கிட்டயும் போயி, ஒம் பேரு என்ன, எங்கன உக்காந்திருக்கன்னு கேட்டு வச்சிக்கிடுவாரு. இல்லன்னா பின்னால ஒரு துடிப்பு கேக்கும்போது அது யாரு நாடின்னு அவருக்குத் தெரியாதுல்லா? வீட்ல ஆளு கம்மின்னா உடனே முடிஞ்சிரும். நெறைய பேரு இருந்தா நேரமாகும். அதுலயும் தூங்குறவங்கள எழுப்பித்தான் கேக்கணும்.”

“நம்ம டெர்மினல விரல் விட்டு எண்ணிரலாமே மிஸ். அவ்வளவு பேருகிட்ட பேரு கேக்கவா இவ்வளவு நேரம்?”

“அவ்வளவு பேருதான்னு நாம நெனைக்கோம். ஆளே இல்லாத வீட்ல அவரு யாருகிட்ட பேசிக்கிட்டு இருக்காரு, அண்ணாச்சி?”

நாங்கள் எல்லாரும் அந்தத் தாமதத்தை ஒரு சனியன் என்று நினைத்து, அது தீர்ந்த பிறகு வரும் தாளுக்காகக் காத்துக் கிடந்தோம். விஷயமோ அந்தத் தாமதத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது. இத்தனைக்கும் அதற்கு முன்னால் தினமும் உட்கார்ந்திருந்தவன் நான். இன்றைக்கும் அந்தப் பலகையை நினைத்தால் பிரமிப்பாக இருக்கிறது. ஆபரேட்டர் திரை ஓடுகிற வேலைகளை மட்டும்தான் காட்டும், திறந்த பிறகு சும்மா தூங்குகிற வேலைகளைக் காட்டாது. வைத்தியரின் தாளிலும் தூங்குகிறவர்களின் பேர் வராது, அவர்கள் நேரத்தை விழுங்குவதில்லையே. அவர்கள் இருப்பது தெரிகிற ஒரே இடம் அவர் எழும்ப எடுக்கிற நேரம்தான்.

அந்தக் கப்பல் இன்னும் நின்றுகொண்டிருந்தது. அடுத்த நாள் விடிகாலையில் மிஸ் நேரே கேட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். கேட்டில் காயல்பட்டினத்துக் காதர் பாய் இருந்தார். ரொம்ப நல்ல மனுஷன். லாரி ஒன்றுகூட இல்லாத அந்த நேரத்தில், பாஸ் புரோகிராமைத் திறப்பார், ஓரமாக ஒதுக்கி வைப்பார், மறுபடி ஒன்றைத் திறப்பார், அதையும் ஒதுக்கி வைப்பார். எங்களைப் பார்த்ததும் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டார்.

“என்ன பாய் செய்யுதீங்க?” என்று மிஸ் சாதாரணமாகத்தான் கேட்டார்.

காதர் பாய்க்கு முகம் சிவந்துவிட்டது. “துண்டு போடுதேன் மிஸ்” என்றார்.

திருச்செந்தூர் பஸ்ஸில் இடம் பிடிக்கிற ஊர்க்காரர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்துவிட்டால் அந்த சீட் நமக்கு. கூட்ட நேரத்தில் பாஸ் புரோகிராம் திறக்க நேரமாகிறது என்பதால், ஆள் இல்லாத காலையிலேயே ஒவ்வொரு லாரிக்கும் ஒன்றைத் திறந்து ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தார் காதர் பாய். லாரி வந்ததும் ஒதுக்கியதை எடுத்து அடித்தால் போதும். சரக்கைக் கப்பலேற்றிக் கொடுக்கிற கிளியரிங் ஏஜெண்டுகளுக்கும் விஷயம் தெரிந்து, “பாய், நம்ம வண்டிக்கும் சேத்துத் துண்டு போட்டு வைங்க” என்று முதல்நாளே சொல்லிவிட்டுப் போவார்களாம். வராத லாரிக்குப் போட்ட துண்டு சாயங்காலம் மிஷினை நிறுத்தும்வரை அப்படியே கிடக்கும்.

குடோனிலும் இதே கதை. ஜெட்டி ஆபீஸிலும் இதே கதை. ஒவ்வோர் இடத்திலும் தாங்கள் மட்டும்தான் இந்தச் சாமர்த்தியத்தைச் செய்வதாக நினைத்து, மற்றவர்களுக்குச் சொல்லாமல் வைத்திருந்தார்கள். இத்தனை துண்டுக்கும் மிஷினுக்குள் இடம் ஏது? அது ஒன்றை வெளியே வைத்து, இன்னொன்றை உள்ளே எடுத்து, திரும்ப அதை வெளியே வைத்து, தூங்குகிறவர்களைத் தூக்கிச் சுமப்பதிலேயே நாளைக் கழித்துக்கொண்டிருந்தது. நான் அதைத்தான் சோம்பேறி என்று அடித்திருக்கிறேன்.

மேனேஜர் காதுக்கு விஷயம் அரைகுறையாகப் போய்விட்டது. மிஸ்ஸைக் கூப்பிட்டு, இதை ஆரம்பித்தது யார் என்று பேரைச் சொல்லச் சொன்னார். தலைமை அலுவலகத்துக்கு ஒரு பேர் கொடுத்துவிட்டால் தன் தலை தப்பும் என்பது அவர் கணக்கு. கொடுத்திருந்தால் மிஸ்ஸின் தலையும் தப்பியிருக்கும். காதர் பாயின் வேலை அன்றே போயிருக்கும்.

“சார், மிஷின் லேட்டாகுதுன்னு துண்டு போட்டாங்க. துண்டு போட்டதால மிஷின் லேட்டாச்சு. இதுல மொத ஆளுன்னு யாரச் சொல்ல?” என்றார் மிஸ்.

“எனக்கு ஒரு பேர் வேணும்மா.”

“அப்படின்னா எம் பேர எழுதிக்கிடுங்க. தெறக்க இவ்வளவு நேரம் ஆகுற மாதிரி அந்தப் புரோகிராம எழுதினது நான்தான். வெங்காயக் கப்பல் அன்னைக்கு மட்டும் என்னை விடுங்க. அன்னைக்கும் லாரி நின்னுச்சுன்னா நானே போயிருதேன்.”

நான் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். அந்தச் சம்பளத்தை நம்பி வீட்டில் எத்தனை வயிறு இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஓடிப்போய் நடுவில் விழலாமா என்றிருந்தது. அவர் வெளியே வந்தபோது முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

ஆனால் துண்டை எடுக்க வைப்பது லேசுப்பட்ட காரியமாக இல்லை. காதர் பாய் உள்ளதைச் சொல்லிவிட்டார். “நான் எடுத்துருவேன் மிஸ். குடோன்காரன் எடுப்பானா? நான் எடுத்த எடத்துல அவன் வந்து உக்காந்துக்கிட்டா, நான்லா நிக்கணும்.” குடோனில் போய்க் கேட்டால், கேட்காரன் எடுப்பானா என்றார்கள். மிஸ் எல்லாரிடமும் ஒரே பதிலைத்தான் சொன்னார். “எல்லாரும் ஒண்ணாப்போல எடுங்க. யாராவது திரும்பப் போட்டா எனக்குத் தெரிஞ்சிரும்.” எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, “வைத்தியர் சொல்லுவாரு” என்றார்.

வெங்காயக் கப்பல் நாள் வந்தது. மிஸ் காலையிலேயே ஒரு நாற்காலியைக் கேட்டில் போட்டு, வெயிலில் உட்கார்ந்துவிட்டார். நான் மிஷின் அறையில். கேட்டுக்கும் அறைக்கும் நடுவே ஒரு டெலிபோன். அவர் கூப்பிடும்போதெல்லாம் நான் வைத்தியரை எழுப்ப வேண்டும், எழும்பியதும் ‘ம்’ என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

முதல் தடவை கட்டளையை அடித்தேன். அடித்த விரலை எடுக்கவில்லை, வைத்தியர் வந்து நிற்கிறார். அந்த நேரத்தில் அவர் அப்படி வந்து நான் பார்த்ததே இல்லை. ‘ம்’ என்பதற்குப் பதிலாக, “வந்துட்டாரு மிஸ்!” என்று போனில் கத்திவிட்டேன். அந்தப் பக்கம் லாரி ஹாரன்களுக்கு நடுவே அவர் சிரிப்பது கேட்டது.

லாரிகள் எஞ்சினை நிறுத்தாமல் பாஸ் வாங்கிக்கொண்டு போகின்றன என்று ஆட்கள் வந்து வந்து சொன்னார்கள். மேனேஜர் கேட்டுக்குப் போய் நின்று பார்த்துவிட்டு வந்தார். வெயில் உச்சிக்கு வந்தபோது மிஸ் மறுபடி கூப்பிட்டார். நான் அடித்தேன், ‘ம்’ என்றேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. “அண்ணாச்சி, யாரோ போட்டுட்டாங்க” என்றார்.

“இல்லியே மிஸ், டக்குன்னு வந்துட்டாரே.”

“இல்ல, காலைல மாதிரி இல்ல. கொஞ்சம் நின்னு வந்தாரு.”

போனை வைத்துவிட்டு அந்த வெயிலில் நடந்திருக்கிறார். எந்த இடம் என்று அவருக்குத் தெரியாது. முதலில் ஜெட்டி ஆபீஸுக்குப் போய் ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டு, அங்கிருந்து குடோனுக்குப் போனார். பிற்பாடு குடோன்காரரே என்னிடம் சொன்னார்: “மிஸ் ஒண்ணுமே சொல்லல அண்ணாச்சி. வந்து பக்கத்துல நின்னாங்க. முகமெல்லாம் வேர்த்து ஊத்துது. எனக்கு வெக்கமாப் போச்சி, நானே எடுத்துட்டேன்.” அவர் பயத்தில் போட்டது ரெண்டே ரெண்டு துண்டு. என் ‘ம்’ வருவதற்கு முன்னால் இருந்த அந்தத் துளி மௌனத்தில் மிஸ் அதைக் கேட்டிருக்கிறார். இப்படி ஒரு செவி மனுஷருக்கு இருக்குமா? சத்தம் கேட்காத அப்பாவுக்கு முன்னால் வருஷக்கணக்காக உட்கார்ந்து, பதில் வருவதற்கு முன்னால் இருக்கிற அமைதியை அவர் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கிறார் என்றுதான் நான் நினைத்துக்கொள்கிறேன்.

அன்று வெங்காயம் முழுவதும் கப்பலேறியது. மிஷின் மெட்ராஸுக்குப் போகவில்லை. மேனேஜர் யார் பேரையும் எழுதவில்லை. மிஸ் பிறகு பாஸ் புரோகிராமை மாற்றி எழுதினார். காலையில் ஒரே ஒரு தடவை திறந்தால் போதும், லாரி மாற மாற நம்பரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். யாருக்கும் துண்டு போட வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. கம்பெனி பின்னால் கைமாறி மூடும்வரை காதர் பாய் அந்தக் கேட்டில்தான் இருந்தார். தன் மகள் நிக்காஹ் விருந்தில் மிஸ்ஸை முதல் பந்தியில் உட்காரவைத்துத் தன் கையால் பரிமாறினார். ஏன் என்று அங்கே வந்திருந்த சொந்தக்காரர்களுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும்.

கடைசியாக நான் மிஸ்ஸைப் பார்த்தது போன மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு மத்தியானம். ஷீலா என்னை வாசலிலேயே நிறுத்தி, “மாமா, வருத்தப்படாதீங்க. அத்தைக்கு இப்ப யாரையும் அடையாளம் தெரிய மாட்டேங்கு. என்ன கேட்டாலும் பதிலே வராது” என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே கூட்டிப்போனாள்.

மிஸ் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ரொம்ப மெலிந்திருந்தார். “மிஸ், நான் யாருன்னு தெரியுதா?” என்று கேட்டேன். என்னைப் பார்த்தார். பதில் இல்லை. ஷீலாவுக்குச் சங்கடமாகிவிட்டது. “அத்தை, துறைமுகத்து அண்ணா…” என்று சத்தமாக ஆரம்பித்தாள். என் கை தானாக உயர்ந்தது. உள்ளங்கையைக் காட்டி அவளை நிறுத்தினேன். பிறகுதான் அது யாருடைய சைகை என்று எனக்கே உறைத்தது.

காத்திருந்தேன். பொறுமையே இல்லாத நான், என்னால் முடிந்தவரை அசையாமல் உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெகுநேரம் கழித்து அவருடைய கண் மெல்லத் திரும்பியது. ஷீலாவிடம் போய் நின்றது. “ஷீலா” என்றார். ஷீலா வாயைப் பொத்திக்கொண்டாள். கண் அங்கிருந்து கிளம்பி, மருந்து எடுத்துவந்த பெண்ணிடம் போயிற்று. “மேரி.” சுவரில் இருந்த படத்துக்குப் போயிற்று. “அப்பா.” அவர் என்ன செய்கிறார் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். நாடி பிடிப்பதற்கு முன்னால், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒவ்வொருவரிடமாகப் போய்க் கேட்டுக்கொண்டு வருகிறார். தூங்குகிறவர்களை எழுப்பிக் கேட்டுக்கொண்டு வருகிறார். இனி என்னிடமும் வருவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வந்தார். என் முகத்தில் அவர் கண் ரொம்ப நேரம் நின்றது.

“தங்கபாண்டி” என்றார்.

அண்ணாச்சி என்றில்லை. காலையில் மிஷினுக்கு மட்டும் நான் சொல்கிற பேர். அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட இப்போது என் வீட்டில்கூட ஆள் இல்லை. நான் அழுதேன் என்பதை இங்கே மறைக்கப் போவதில்லை. அவர் இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, “துண்டு கெடக்கா?” என்று கேட்டார். “இல்ல மிஸ், எல்லாத்தையும் எடுத்தாச்சி” என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். நான் கையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டு எழுந்து வந்தேன்.

மிஸ்ஸின் பொருள் என்று என்னிடம் எதுவும் கிடையாது. ஒரு போட்டோகூட இல்லை. அவர் கோடு போட்ட கரும்பலகையை அந்த நாள் மாலையே நான் துடைத்துவிட்டேன். என்னிடம் இருப்பது அவர் சொன்ன என் பேர் ஒன்றுதான். அதைச் சொல்வதற்கு முன்னால் அவர் எடுத்துக்கொண்ட அந்த நீண்ட நேரமும் இருக்கிறது. அந்த நேரத்தையும் பதிலில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன்.